முத்துச்செல்விக்குக் கொழுப்பு

முத்துச்செல்விக்குக் கொழுப்பு என்று முதலில் சொன்னவர் அவளுடைய லைன் சூப்பர்வைசர் மோகன்ராஜ். அதற்கப்புறம் வெகு நாள் கழித்து ஸ்கேனைப் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். இருவரும் சொன்னது ஒரே சொல். வந்த குழப்பமெல்லாம் அதனால்தான்.

ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. ஒரு காருக்குள் ஓடும் ஒயர்கள் அத்தனையையும் ஆளுயரப் பலகை ஒன்றில் நீட்டிப் போட்டு, கொத்தாக்கி, டேப் சுற்றி அனுப்புவார்கள். அந்தப் பலகைகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கோயில் தேர் மாதிரி வரிசையாக ஊர்ந்து வந்துகொண்டே இருக்கும். தன் முன்னால் வருகிற பலகையில் தன் பங்கு ஒயரைப் போட்டு முடிப்பதற்கும் அடுத்தது வருவதற்கும் சரியாக இருக்கும். நடுவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் என்று ஒருத்தி இருப்பாள். அவள் வந்து நம் இடத்தில் நின்றால்தான் நாம் நகரலாம். அவள் வேறு யாருக்காவது நின்றுகொண்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முத்துச்செல்வி அடிக்கடி கையைத் தூக்கினாள். போனால் சீக்கிரம் திரும்பவும் மாட்டாள். ஒருநாள் மோகன்ராஜ் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"இன்னாம்மா, உடம்பெல்லாம் கொழுப்பா? லைன் ஓடிக்கினு கீது, நீ பாட்டுக்குப் போயி குந்திக்கினு கீற."

லைனே சிரித்தது. கொடிக்கம்பியில் சட்டையை மாட்டிவிட்டதுபோல யூனிஃபார்ம் தொங்கும் உடம்பு அவளுக்கு. அதில் கொழுப்பை எங்கே தேடுவது? அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாள்.

வடக்குப்பட்டில் என் வீட்டு மாடி அறையில் அவளும் சுகப்பிரியாவும் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே லைன். சுகப்பிரியா சாத்தூர்ப் பெண், வாய் ஓயாது. முத்துச்செல்விக்குத் தெற்கே முக்கூடல் பக்கம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்து நான் பல வருஷம் வார்டுகளில் வேலை பார்த்தவள் என்பது தெரிந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் நான் 'நர்ஸம்மா'. நர்ஸ் வேறு, நான் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

முக்கூடலில் அவள் அம்மாவும் அக்காவும் பீடி சுற்றுகிறவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இவள் மடியிலும் பீடித் தட்டை வைத்துவிடுவார்களாம். குனிந்த தலை நிமிராமல் இருட்டும்வரை சுற்ற வேண்டும். பாலிடெக்னிக் முடித்ததும் கம்பெனிப் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போகிற வாழ்க்கை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நின்றுகொண்டு செய்கிற வேலை என்பதே அவளுக்குப் பெருமை. டிரெயினியாகச் சேர்ந்தவள், நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் வரக் காத்திருந்தாள். அடிக்கடி லீவு போட்டால் பெயர் விடுபட்டுவிடும். விடுபட்டால் ஊர், ஊரென்றால் பீடித் தட்டு. அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். வயிற்றைப் பற்றி அவள் அவ்வளவு பயப்படவில்லை.

வயிறோ அவளை விடுவதாக இல்லை. சாப்பிட்டதும் வலது அடிவயிற்றில் முறுக்கும். தண்ணீராகப் போகும். வாய்க்குள் புண். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். முதலில் பார்த்த இடத்தில் குடல் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நோயும் இவளுக்கு வந்த நோயும் அக்காள் தங்கை மாதிரி ஒரே ஜாடை, பெரிய டாக்டர்களே தடுமாறுவார்கள். மாத்திரைக்கு அடங்கவில்லை என்றதும் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, கிரோன் நோய் என்று பெயர் சொன்னார்கள். உடம்பின் காவல்படை தன் குடலோடேயே சண்டை போடுகிற நோய். "ராணி தலையில வைக்க கிரவுனா?" என்று சுகப்பிரியா கேட்டாள். அன்றிலிருந்து கொஞ்ச நாள் முத்துச்செல்விக்கு ராணி என்று பெயர்.

சிறுகுடல் முடிகிற இடம் சுருங்கிவிட்டது, அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டும் என்று முடிவானது. அன்றைக்கு ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த இளம் டாக்டர் அவளிடம் சொன்னது இரண்டே வாக்கியம். "குடலைச் சுத்திக் கொழுப்பு படர்ந்திருக்கும்மா. ஆபரேஷன் தேதி சொல்வாங்க, அதுவரைக்கும் உடம்பைப் பாத்துக்க." அவருக்குப் பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். இவள் எழுந்து வந்துவிட்டாள்.

அறைக்கு வந்ததும் சுகப்பிரியாவிடம், "மோகன்ராஜ் சார் ஸ்கேன் இல்லாமலே கண்டுபிடிச்சிட்டாவ பாரு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்றால் அவளுக்கு என்ன அர்த்தம்? உள்ளே கொழுப்பு இருக்கிறது, ஆபரேஷனுக்குள் அதைக் கரைத்துவிடு என்று அர்த்தம். கரைத்துவிட்டால் வெட்டவே வேண்டியிராது, லீவும் வேண்டாம், பட்டியலில் பெயரும் இருக்கும். கணக்கு அவளுக்குப் பொருந்திவிட்டது.

எனக்குத் தெரியவந்தது சத்தத்தால். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த சாயங்காலங்களில் மொட்டை மாடியில் தொம் தொம் என்று கேட்டது. மேலே போனேன். வயிற்றில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கீழே உட்கார வைத்து அவள் மேல்கையைப் பிடித்தேன். என் கட்டைவிரலும் நடுவிரலும் தாராளமாகத் தொட்டுக்கொண்டன. வார்டில் நான் கற்றுக்கொண்ட தராசு அது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், இரத்தமே இல்லை.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு மழுப்பினாள். சுகப்பிரியாதான் போட்டு உடைத்தாள். கேன்டீனில் கொடுக்கிற முட்டை தன் தட்டுக்கு வந்துவிடுகிறது, குழம்பில் எண்ணெய் மிதந்தால் தொடுவதில்லை, பால் கிடையாது, வெறும் கஞ்சித் தண்ணீர்தான் என்றாள். "அவ முட்டையையும் தின்னு என் மூஞ்சிதான் நர்ஸம்மா வட்டமாயிருச்சு. கொழுப்பு அங்கருந்து இங்க வந்துட்டு."

ஆபரேஷன் தேதிக்குச் சேரப் போனோம். உடன் இருக்க ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அவள் அம்மாவுக்கு ஆஸ்துமா, அவ்வளவு தூரம் வர முடியாது. ஆகவே நான் போனேன். ஆபரேஷன் செய்ய வேண்டியவர் மெர்சி என்ற டாக்டர். நடுத்தர வயது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிறவர். எடை பார்த்தார், இரத்தச் சோதனையைப் பார்த்தார், கத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இந்த உடம்பில் போட்ட தையல் ஒட்டாது, உள்ளே பிரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால் குடல் அடைத்துக்கொள்ளும், அதுவும் ஆபத்துதான்.

முத்துச்செல்விக்குக் காதில் விழுந்தது வேறு. தேதி தள்ளினால் லீவு நீளும்.

"கொழுப்பு கொறஞ்சிருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க டாக்டர்" என்றாள். "நான் பட்டினி கெடந்து கொறச்சிருக்கேன்."

டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். தோலுக்கு அடியில் சேர்கிற கொழுப்பு வேறு, இது வேறு. குடல் அங்கங்கே ஓடிவிடாமல் முதுகுப்பக்கத்தோடு பிடித்து வைத்திருக்கும் ஒரு மடிப்புச் சவ்வு உண்டு. அந்தச் சவ்வில் எல்லோருக்கும் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். இந்த நோய் வந்தவர்களுக்கு அது அங்கிருந்து கிளம்பி, புண்பட்ட குடலின் மேல் விரல் விரலாக ஏறிப் போர்த்திக்கொள்ளும். ஆள் குச்சியாக இருந்தாலும் ஏறும். பட்டினி கிடந்தால் கையும் காலும் கரையுமே தவிர அது இறங்கி வராது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே டாக்டர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். வயிற்றைத் திறந்ததும் மஞ்சளாகத் தெரிகிற இடத்தை வைத்தே நோய் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிப்பார்களாம். அது ஏன் அங்கே போகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாமலே இருந்தது.

"இப்பத் தெரிஞ்சிட்டா?" என்றாள் முத்துச்செல்வி. பயம் போய் முகத்தில் வேறொன்று வந்திருந்தது. பலகையில் ஒயர் எங்கே தப்பாகப் போயிருக்கிறது என்று தேடுகிற மாதிரி.

கொஞ்சம் தெரிந்திருக்கிறது என்றார் டாக்டர். நம் குடலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கின்றன. உள்ளே இருக்கும்வரை அவற்றால் நமக்கு நன்மைதான். குடல்சுவர் புண்ணானால் அவை கசிந்து வெளியே போகும். வயிற்றுக்குள் பரவினால் ஆள் காலி. அப்போதுதான் இந்தக் கொழுப்பு வந்து கசிகிற இடத்தை மூடுகிறது என்று சில ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். ஆபரேஷனில் வெட்டி எடுத்த கொழுப்புக்குள் உயிரோடு பாக்டீரியா இருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். அதில் அடிக்கடி அகப்பட்ட ஒன்றுக்கு வைத்திருக்கும் லத்தீன் பெயரின் பொருள் 'தீங்கில்லாதது' என்பதாம்.

"பேரு வச்சவிய அத லைன்ல நிறுத்திப் பாத்திருக்க மாட்டாவ" என்றாள் இவள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லைன் என்றால் என்ன என்று கேட்டார். இவள் பலகையைச் சொன்னாள், கை தூக்குவதைச் சொன்னாள், ரிலீவரைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"அப்போ இந்தக் கொழுப்பு ரிலீவரா டாக்டர்? ஓட்ட விழுந்த எடத்துல வந்து நின்னிருக்கு?"

"அப்படியும் சொல்லலாம். ஆனா உங்க ரிலீவர், போன ஆள் திரும்பி வந்ததும் போயிடுவாங்க இல்ல? இது போகல. நின்ன இடத்துலயே இறுகி, தழும்பாகி, குடலையும் சேத்து நெரிக்குது. உனக்குச் சுருக்கம் வந்ததுல அதுக்கும் பங்கு இருக்கலாம்."

நான் நடுவில் புகுந்து கேட்டேன். அப்படியானால் அது நல்லதா கெட்டதா? வெட்டி எடுக்கும்போது எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுவீர்களா, விட்டுவைப்பீர்களா?

அதற்கு இன்னும் முடிவான பதில் இல்லை என்றார் அவர். சவ்வோடு சேர்த்து நிறைய எடுத்தால் நோய் திரும்புவது குறையும் என்று ஒரு கட்சி. அதனால் பெரிய வித்தியாசமில்லை என்று இன்னொரு கட்சி. அவர் நோயுள்ள துண்டையும் அதன்மேல் ஏறியதையும் எடுப்பார், மற்றதைத் தொடமாட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டர்களை எனக்குப் பிடிக்கும். வார்டில் அப்படிச் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வந்தது சாப்பாட்டு உத்தரவு. குடல் குறுகி இருப்பதால் கீரைத்தண்டு, பச்சைக் காய், கொட்டை எதுவும் கூடாது. சோறும் குழம்பும்கூடக் கூடாது. கொஞ்ச வாரங்களுக்குச் சத்துத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது மட்டும்தான் ஆகாரம். அதிலேயே எல்லாம் இருக்கிறது, குடலுக்கும் ஓய்வு, உடம்பும் தேறும். அந்தத் தூளில் கொழுப்பும் இருக்கிறது என்று டாக்டர் அழுத்திச் சொன்னார்.

அவளைக் கீழே என்னோடு வைத்துக்கொண்டேன், கரைப்பது என் வேலையாயிற்று. வெனிலா ஐஸ்கிரீம் உருகிப் புழுங்கிய மாதிரி ஒரு வாசனை. முதல் இரண்டு நாள் குமட்டினாள். வேளைக்கொரு டம்ளரைக் கையில் கொடுத்து, காலி டம்ளரைக் கையில் வாங்கும்வரை எதிரிலேயே நின்றேன். கெஞ்சுவதெல்லாம் எனக்கு வராது. மாடியில் சுகப்பிரியா நெத்திலி வறுத்தால் வாசனை கீழே வரும், இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "பிள்ளைக்குப் புட்டிப்பால் ஆச்சா?" என்று மேலேயிருந்து குரல் வரும். பிறகு ஒருநாள் சுகப்பிரியா தானாகவே நெத்திலி வறுப்பதை நிறுத்திவிட்டாள்.

இதற்கிடையில் பட்டியல் வந்தது. முத்துச்செல்வி பெயர் இல்லை. லீவு அதிகமானதால் தள்ளி வைத்திருக்கிறார்கள், உடம்பு சரியாகி வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு டம்ளரை வாங்க மாட்டேன் என்றாள்.

"இனி யாருக்காவ குடிக்கணும்?"

"குடலுக்காகக் குடி" என்றேன். "பீடி சுத்தறதா இருந்தாலும் குடல் வேணும்."

முறைத்துப் பார்த்தாள். பிறகு வாங்கிக் குடித்தாள்.

என் விரல்கள் அவள் மேல்கையில் ஒன்றையொன்று தொடாமல் நின்ற வாரம் டாக்டர் மெர்சி தேதி கொடுத்தார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்த மறுநாள் இவள் முதலில் கேட்டது, "எடுத்ததப் பாக்கலாமா?" என்று. சோதனைக்கு அனுப்பியாகிவிட்டது, டாக்டர் போனில் படம் வைத்திருந்தார். மேஜைமேல் நீலத் துணியில் ஒரு முழத்துக்கும் குறைவான குடல், அதன்மேல் ஏறிப் படுத்திருந்த மஞ்சள். எனக்கு ஞாபகம் வந்தது வெண்ணெய். இவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மஞ்சள் எங்கே நின்றுவிட்டதோ அங்கிருந்து குடல் இளஞ்சிவப்பாக, ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. "கசிஞ்ச எடத்த எப்படிச் சரியாக் கண்டுபிடிச்சி வந்திருக்கு பாத்தியளா" என்று என்னிடம் சொன்னாள். படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எதற்கு என்பது பிறகுதான் தெரிந்தது. வேலைக்குத் திரும்பலாம் என்று சீட்டு வாங்கிக்கொண்டு போன அன்று, ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் அவள் கேன்டீனுக்குப் போயிருக்கிறாள். டீ நேரம். மோகன்ராஜ் போண்டாவும் டீயுமாக உட்கார்ந்திருந்தாராம். எதிரில் உட்கார்ந்து போனை நீட்டினாளாம். நடந்ததைச் சுகப்பிரியா வந்து நடித்தே காட்டினாள்.

"இன்னாது இது? கறியா?"

"என் கொடல் சார். மேல இருக்கது நீங்க சொன்ன கொழுப்பு."

மனிதர் போண்டாவைத் தள்ளி வைத்துவிட்டார். பிறகு படத்தை மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்து, இது எப்படி அங்கே போச்சு என்று கேட்டாராம். இவள் பாக்டீரியா, கசிவு, ரிலீவர் என்று டாக்டர் சொன்ன அத்தனையும் சொல்லியிருக்கிறாள். ரிலீவர் என்றதும் அவர் நிமிர்ந்தாராம். டீ நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாராம். லைனை விட்டு அவர் அப்படி உட்கார்ந்து சுகப்பிரியா பார்த்ததில்லை.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த வழக்கம் அவருக்கு இல்லை. ஆபீஸுக்கு அவளோடு தானே போனார். ஒரே பலகையில் இவளால் நிற்க முடியாது, ரிலீவராகப் போட்டுக்கொள்கிறேன், எல்லாப் பலகையும் இவளுக்குத் தெரியும் என்று சொன்னார். ரிலீவருக்கென்று தனிப் பலகை கிடையாது. ஒருத்திக்கு நின்று முடித்து அடுத்தவள் கையைத் தூக்குவதற்குள் இருக்கிற இடைவெளி அவளுடையது, பாத்ரூம் போகலாம். நோய் முழுக்கப் போய்விடவில்லை. ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நோய் திரும்பவும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த இடைவெளி அவளுக்குத் தேவை. அடுத்த பட்டியலில் பெயர் வந்துவிட்டது. முக்கூடலுக்குப் போன் போட்டு அம்மாவிடம் அவள் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். "என் பீடித் தட்ட அக்காட்டக் குடுத்திரு" என்று மட்டும் சொன்னாள்.

போன வாரம் ஒரு புதுப் பெண் கையைத் தூக்கிவிட்டுப் போய் வெகு நேரமாகத் திரும்பவில்லை. அவள் இடத்தில் முத்துச்செல்வி நின்று ஒயர் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு மூலையில் வேறொருத்தி கையைத் தூக்கியபடி நின்றாள். மோகன்ராஜ் வந்து, அவள் எங்கே தொலைந்தாள், போய் இழுத்துக்கொண்டு வா என்றார்.

"வருவா சார். வயித்த அவசரப்படுத்த முடியாதுல்லா. அந்தப் பக்கம் நீங்க போயி நில்லுங்க."

"உனுக்குக் கொழுப்பு இன்னும் போவலம்மா."

"கொஞ்சம் விட்டு வச்சிருக்காவ சார்" என்றாள் இவள், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முழுசா எடுக்கலாமா கூடாதான்னு இன்னும் முடிவாகலையாம்."

அவர் போய் அந்த மூலைப் பலகையில் நின்றாராம்.